கூட்டக் கூடாத ஒரு மணி நேரம்

கெட்டரிங்
பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஏட்ரியனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் ஃபியோனாவும் டில்லிக் குட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நியூசிலாந்தில் இப்போது கொளுத்துகிற வெயிலாயிருக்கும், டில்லிக்கு மூக்குத் தோல் உரிந்திருக்கும், தொப்பி போடாமல் வெளியே விடாதே. நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முழங்கால் நலம், ரத்த அழுத்தம் நலம், பல்லும் நலம், மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், அதற்குள் நீ "என்னம்மா, சாப்பிட்டியா"ன்னு கேட்பாய், நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அப்பா போனதிலிருந்து இதே கதைதான். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி. படித்து முடித்தபிறகு இனி இவளோடு பேச வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் போனுக்காகத்தான் வாரத்தின் மற்ற ஆறு நாளையும் ஓட்டுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் என்ன வெட்கம்.

விஷயம் இதுதான். அப்பா கடல் ஏறும் நேரத்தைத் தப்பாகப் பார்க்கவில்லை. நான்தான் தப்பாக எழுதிக் கொடுத்தேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் அடுப்படியில் நின்றேன். தேநீர் போட்டேன், குடிக்காமல் கொட்டினேன், திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கொஞ்சம் ஊர்ச் செய்தி எழுதுகிறேன். உன் அக்கா லொரேன் வியாழக்கிழமை தவறாமல் கார்பியிலிருந்து வருகிறாள், வரும்போதெல்லாம் ஆறு பேர் சாப்பிடுகிற அளவுக்கு இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டுக் கொண்டுவந்து என் குளிர்பெட்டியில் அடுக்குகிறாள். அவளுக்குத் துக்கம் வந்தால் சமைக்கத்தான் தெரியும், பாவம், தின்பதற்கு நான் ஒருத்திதானே இருக்கிறேன். பக்கத்து வீட்டு டாப்லி நம் வேலிச் செடியையும் சேர்த்து வெட்டிவிட்டார், கேட்காமல் கொள்ளாமல், அதுவும் கோணலாக. அப்பா இருந்திருந்தால் மட்டப்பலகையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றிருப்பார். அப்பா நகராட்சியிடம் வாடகைக்கு எடுத்திருந்த காய்கறி நிலத்தை ஒரு இளம் தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள், நல்ல பிள்ளைகள், அவர் நட்டிருந்த வெங்காயத்தாளைப் பிடுங்கிக் கட்டிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள், நான் சூப்பு வைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன், அப்படியே குடித்தேன். போன மாதம் ஒரு நாள் லொரேன் வந்தவள் நாற்காலி போட்டு ஏறி சமையலறைக் கடிகாரத்தைச் சரி செய்துவிட்டாள். அக்டோபரில் நாங்கள் கிளம்பிப் போனபோது ஓடிய கோடை நேரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது, நான் தொடவே இல்லை. "மூணு மாசமா ஒரு மணி முந்தி ஓடுது, இதக்கூடப் பாக்க மாட்டியாம்மா"ன்னு அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் அவளைப் பிடித்து ஒரு கத்துக் கத்தினேன் பார், தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் நாற்காலியில் நின்றபடியே அழுதாள். ஏன் கத்தினேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

டில்லியின் படம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீரில் பத்திரமாக இருப்பது எப்படி என்று வரையச் சொன்னார்களாமே. நீலக் கடல், கடலுக்குள் தொப்பி போட்ட ஒரு ஆள், மேலே பெரிய கடிகாரம், கீழே எழுதியிருக்கிறாள்: என் தாத்தா மணி பார்க்கவில்லை, நீங்கள் பாருங்கள். டீச்சர் தங்க நட்சத்திரம் வேறு ஒட்டியிருக்கிறார். குழந்தை நல்ல மனசோடுதான் செய்திருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. மூன்று நாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தேன், பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போனேன், நாலாம் நாள் எடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று போனில் நீ சொன்னதும் காதிலேயே நிற்கிறது. "ரயில்வேயில முப்பத்தெட்டு வருஷம் சிக்னல் பாத்த மனுஷனுக்குக் கடல் நேரம் போட்ட ஒரு புத்தகத்தப் பாக்கத் தெரியலியா? என்னால மன்னிக்கவே முடியலம்மா"ன்னு சொன்னாய். சுவரில் இருந்த அவர் படத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டதாகச் சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "சரி கண்ணா, கோவம் தணியட்டும்"ன்னு சொன்னேன். என்ன ஜென்மம் நான்! அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நீயும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம், வேறொன்றுமில்லை.

இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வின்டர்ஹோ கடற்கரைக்கு நாம் எப்போது போவோம் என்று உனக்குத் தெரியும், உனக்கு ஒன்பது வயதிலிருந்து அக்டோபரின் கடைசிக்கு முந்தின வாரம், அதே வீடு, அதே கட்டில், அதே காற்று. போன ஆகஸ்டில் வீட்டுக்கார மிஸஸ் பெக் போன் செய்தார். "பாலின், என் அக்கா பொண்ணு கல்யாணம், அந்த வாரம் ஆளுக வந்து தங்கணும், நீங்க ஒரு வாரம் தள்ளி வந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமா, இருந்தா தயங்காம சொல்லிருங்க"ன்னு கேட்டார். "அட, எங்களுக்கு எந்த வாரமா இருந்தா என்ன"ன்னு நான் சொல்லிவிட்டேன். நம்மவர்கள் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், சங்கடம் இருந்தாலும் சொல்ல மாட்டார்கள், எனக்கு அன்று சங்கடமும் இல்லை. அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் அந்த ஒரு வாரம் தள்ளிப்போனதுதான் எல்லாம். நாங்கள் போய்ச் சேர்ந்த சனிக்கிழமைக்கு மறுநாள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைக்கிற ஞாயிற்றுக்கிழமை.

கடை வாசலில் விற்கிற அந்தச் சின்னப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா, கடல் எப்போது ஏறும் எப்போது வற்றும் என்று போட்டிருக்குமே. அதில் வருஷம் முழுவதும் குளிர்கால நேரம்தான் அச்சடித்திருக்கும். கோடையில் நாம் மணியை முந்தி வைத்துக்கொள்வதால் அதில் இருப்பதோடு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். நாம் போனதெல்லாம் கடிகாரம் மாறுவதற்கு முந்தின வாரம், அதனால் எப்போதும் கூட்டித்தான் பழக்கம். அப்பாவுக்கு ஆறு வருடமாகப் பொடி எழுத்துத் தெரியவில்லை, யாரிடமும் சொல்லவிட மாட்டார், கண் பழுதாகிவிட்டது என்று சொன்னால் காரை ஓட்ட விடமாட்டீர்களோ என்று பயம். அதனால் போய்ச் சேர்ந்த அன்றே நான் ஏழு நாளுக்கும் பார்த்து, கூட்டி, கொட்டை எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன், அவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அந்தச் சனிக்கிழமையும் சூப்பு அடுப்பில் இருக்க, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். செவ்வாய்க்கிழமைக்குப் புத்தகத்தில் காலை ஒன்பது ஐந்து என்று இருந்தது. நான் பத்து ஐந்து என்று எழுதினேன். ஏழு நாளுக்கும் அப்படித்தான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மணி பின்னால் போனபிறகு கூட்டக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை ஏட்ரியன், தோன்றவே இல்லை.

கடிகாரம் மாறுவதையே மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என் போர்வையை இழுத்துவிட்டு, "எந்திரிக்காத பாலின், இன்னிக்கு ஒரு மணி நேரம் சும்மா குடுத்திருக்காங்க, வாங்கிக்கோ"ன்னார். இரண்டு பேரும் கட்டிலிலேயே கிடந்து மழையைக் கேட்டுக்கொண்டு மிஸஸ் பெக்கின் திரைச்சீலையைக் கிண்டல் பண்ணிக்கொண்டு சிரித்தோம். பிறகு எழுந்து அடுப்புக் கடிகாரத்தை மாற்றினேன், அவர் கைக்கடிகாரத்தை மாற்றினேன், என்னுடையதையும் மாற்றினேன், எல்லாம் என் கையால். சட்டைப் பையில் இருந்த சீட்டை மட்டும் மாற்றவில்லை. அன்று முழுக்க மழை. திங்கட்கிழமை வெயில் எட்டிப்பார்த்தது, காரை எடுத்துக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் போனோம், காடு முழுக்க இலையெல்லாம் பழுத்துத் தாமிர நிறமாய் இருந்தது, சாலையெல்லாம் சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு ஏற்றிப்போகிற லாரிகள் கொட்டிய சேறு, அப்பா வழிநெடுக அந்த டிரைவர்களைத் திட்டினார், வேலியைத் தாண்டுகிற படிகளில் என் முழங்காலுக்காக முன்னால் ஏறி நின்று கை கொடுத்தார். வழியில் ஒரு பப்பில் கணப்புப் பக்கத்தில் இடம் கிடைத்தது, மாவுக்குள் மான் இறைச்சி வைத்துச் சுட்டதைச் சாப்பிட்டார், என் தட்டிலிருந்ததையும் முடித்தார். "அடுத்த வருஷமாவது ஏட்ரியன் வர்றானான்னு கேளு, அந்தக் குட்டிக்கு வாத்துகளக் காட்டணும்"ன்னார். நான் கேட்கிறேன் என்றேன். அதை உன்னிடம் கேட்க நேரமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே கிளம்பினார். காட்டு வாத்துகள் ராத்திரியெல்லாம் மணல்திட்டில் அடைந்திருந்துவிட்டு விடிந்ததும் ஆயிரக்கணக்கில் கத்திக்கொண்டு எழும்புமே, அதற்காக. திட்டுக்குப் போகக் கடல்தண்ணீர் உள்ளே வந்துபோகிற பெரிய கழியைத் தாண்ட வேண்டும், வற்றியிருக்கும்போது கணுக்கால் தண்ணீர்தான், ஏறினால் ஆள் ஆழம். கடல் முழுக்க ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கழியைத் தாண்டித் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம், உன்னையும் அக்காவையும் எத்தனை தடவை அரைகுறை மணல்வீட்டோடு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் சீட்டின்படி பத்து ஐந்துக்கு ஏற்றம் என்றால் எட்டு ஐந்துக்குக் கழிக்கரையில் இருக்க வேண்டும். அவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார் கண்ணா. ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். நாயோடு நடக்கப் போன ஒரு பெண் இக்கரையிலிருந்து பார்த்திருக்கிறாள், தொப்பி போட்டவர் அக்கரையில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார், தண்ணீரைப் பார்க்கிறார், திரும்பவும் கடிகாரத்தைப் பார்க்கிறார், அப்புறம் பையைத் தோளில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார் என்று சொன்னாள். பின்னால் இருந்த திட்டும் முழுகிக்கொண்டிருந்தது, நின்றாலும் தண்ணீர்தான். நடுவில் இழுப்பு அவரைச் சாய்த்துவிட்டது. படகு கட்டுகிற ஒரு பழைய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார், எழுபத்தெட்டு வயதில், அக்டோபர் மாதத்து வடகடலில்.

நான் அப்போது கட்டிலில் உட்கார்ந்து டோஸ்ட் தின்றுகொண்டிருந்தேன். மிஸஸ் பெக் இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்து "பாலின், பதறாதீங்க, படகு போயிருக்கு"ன்னு சொன்னபோது நான் அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டரை. அவர் அடுப்பில் பன்றி இறைச்சி வாசனைக்கு வந்து நிற்கிற நேரம்கூட ஆகவில்லையே, வேறு யாராவதாக இருக்கும் என்றேன். படகுத் துறைக்குப் போனால் தண்ணீர் கல்மேடைக்குக் கீழே ஒரு சாண்தான் பாக்கி. மீட்புப் படகுக்காரர் கொலின் கரையில் ரேடியோவோடு நின்றார். அவரைப் பிடித்துச் சண்டை போட்டேன். இவ்வளவு தண்ணீர் எப்படி வரும் என்றேன். "ஒம்போது அஞ்சுக்கு ஏத்தம்மா, அதான்"ன்னார். "பத்து அஞ்சுக்குய்யா! என் கையால எழுதிக் குடுத்திருக்கேன். கடல்ல வேல பாக்குறீங்க, இதுகூடத் தெரியாதா"ன்னு ஊர் பார்க்கக் கத்தினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மா, ஞாயித்துக்கெழம மணிய மாத்தினோமில்ல"ன்னார். அவ்வளவுதான். 

உயிரோடுதான் கொண்டுவந்தார்கள். அதுதான் எனக்குக் கிடைத்த இரண்டு நாள். ஆஸ்பத்திரியில் உடம்பைச் சூடாக்கி, மூக்கில் குழாய் வைத்தார்கள், சாயங்காலம் பேச்சு வந்துவிட்டது. கொலின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார், அறிக்கை எழுதணும், எப்படி நடந்ததுன்னு கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் விரலைப் பிடித்து நெரித்தார், குளிரில் விறைத்த கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "நான்தான் பாத்தேன், கண்ணாடி போடாம புத்தகத்தப் பாத்தேன், தப்பாப் போச்சு. எழுதிக்குங்க"ன்னார். கொலின் என்னைப் பார்த்தார். அவருக்குத்தான் தெரியுமே. நான் தரையைப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டார். ஒரு ரயிலை ஒரு நிமிடம் தப்பாகப் பதிவேட்டில் எழுதாத மனுஷர், தன் பேரில் பொய் எழுதச் சொன்னார், பக்கத்தில் நின்று நான் எழுதவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார், கோபமாக இருக்கிறாரோ என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று சிரித்தார். "குளிர்கால அட்டவணைக்கு மாத்தாம விட்டுட்டோம், அவ்வளவுதான் பாலின். ரயில்வேயில இது அக்டோபர் வந்தா ஒரு தடவையாவது நடக்கும்"ன்னார். விட்டுட்டோம் என்றார், கேட்டாயா, விட்டுட்டே என்று சொல்லவில்லை. நான் அவர் போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். கழிக்கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தபோதே கணக்குப் புரிந்துவிட்டதாம். தண்ணீரில் நின்ற நாற்பது நிமிடமும் ஒரே நினைப்புதானாம், நான் செத்துப்போனால் இவள் சும்மா இருக்க மாட்டாளே, தானாகப் போய்ச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாளே என்று. "பிள்ளைங்ககிட்டச் சொல்லாத. எங்கிட்டயே இருக்கட்டும். அவங்க எங்கிட்டக் கோவப்பட்டா நான் பாத்துக்குறேன், உங்கிட்டக் கோவப்பட்டா நீ எங்க போவ"ன்னார். சத்தியம் வாங்கிக்கொண்டார். பிழைத்துவிடுவார் என்ற நினைப்பில் நானும் செய்துகொடுத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் பழக்கூழ் இரண்டு கரண்டி சாப்பிட்டார், இதயம் நின்றுவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஃபியோனாவுக்கு ஆப்பரேஷன் ஆன வாரம், உன்னால் வர முடியவில்லை, தகன மண்டபத்துத் திரையில் பெரிதாக உன் முகம் வந்தது, அங்கே உனக்கு நடுராத்திரியோ என்னவோ, தலையே சீவவில்லை நீ. "அப்பா ஒரு ரயிலக்கூடத் தாமதமா விட்டதில்ல, கடைசியில அவர் நேரத்தத்தான் அவருக்குப் பாக்கத் தெரியல"ன்னு சொன்னாய். எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். பழைய சிக்னல் அறைக்காரர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தார்கள், அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை, ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரித்தேன் ஏட்ரியன். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நானும் சேர்ந்து சிரித்தேன். 

மார்ச் பதினான்காம் தேதி மரண விசாரணை வைத்திருக்கிறார்கள். நான் சாட்சி சொல்ல வேண்டும். கொலின் போன வாரம் போன் செய்தார், நல்ல மனிதர், "எழுதினது எழுதினபடியே இருந்துட்டுப் போகட்டும் பாலின், யாருக்கு என்ன லாபம், அவரே கேட்டுக்கிட்டதுதானே"ன்னார். இரண்டு நாள் யோசித்தேன். அப்பாவுக்குக் கொடுத்த சத்தியம் ஒரு பக்கம். உன் மேசை இழுப்பறைக்குள் குப்புறக் கிடக்கிற அவர் படம் ஒரு பக்கம். டில்லி பெரியவளாகித் தன் பிள்ளைக்கும் இதே கதையைச் சொல்வாள், உன் கொள்ளுத்தாத்தா மணி பார்க்கத் தெரியாத ஆள் என்று. அது என்னால் முடியாது. சத்தியத்தை மீறினதற்கு நான் அவரிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன், ஐம்பத்தோரு வருடம் அவரோடு சண்டை போட்டவள்தானே, இதையும் போட்டுக்கொள்கிறேன். கொலினுக்கு நேற்றே சொல்லிவிட்டேன், அவருக்குத் தொல்லை வராமல் நானே முழுக்கச் சொல்கிறேன் என்று. பத்திரிகையில் வரும். அதற்கு முன்னால் நீ என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவும். வியாழக்கிழமை லொரேன் வரும்போது அவளிடமும் சொல்வேன், பையைக் கீழே வைத்த பிறகு.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன், மேலே பார், அடித்த இடம் தெரியும். கேட்க எனக்கு வாய் வரவில்லை. போர்வைக்குள் சிரித்துக் கிடந்த அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் எழுந்து அந்தச் சீட்டைப் பார்த்திருந்தால் அவர் இன்று கீழே தோட்டத்தில் டாப்லியின் கோணல் வேலியைத் திட்டிக்கொண்டிருப்பார். இதுதான் காலையிலிருந்து ராத்திரிவரை எனக்கு ஓடுகிறது. நீ என்ன சொன்னாலும் இதைவிட அதிகமாக நீ சொல்லிவிட முடியாது, அதனால் எனக்காக வார்த்தையைப் பொறுக்கிப் பேச வேண்டாம்.

ஃபியோனாவைக் கனமானது தூக்கவிடாதே, தையல் ஆறினாலும் உள்ளே ஆற ஆறு மாதம் ஆகும். டில்லியை நீச்சலுக்குச் சேர்த்துவிடு, தண்ணீரைக் கண்டு பயப்பட வைத்துவிடாதே. அவளுக்குத் தக்க வார்த்தையில் உண்மையைச் சொல், பாட்டி கணக்கில் பிழை செய்தாள் என்று சொல், அவளுக்குப் புரியும், அவளும் கணக்கில் பிழை செய்கிறவள்தானே. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, ஒருவரை ஒருவர் நம்பி நல்லபடியாக இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் எந்தக் குறையும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் ஒன்று செய். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அப்பாவின் படத்தை எடுத்துத் துடைத்து இருந்த இடத்தில் மாட்டு, பிறகு உன் இஷ்டம். அவரைத் திட்டாதே. திட்டுவதற்கு நான் உயிரோடு இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாலின்